கம்பியைக் கடித்த முயல்

என்னுடைய பல் மருத்துவ நிலையத்தில், நோயாளிகள் காத்திருக்கும் அறையில் ஒரு மீன்தொட்டி இருக்கிறது. பல் பிடுங்க வந்தவர்கள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தால் பயம் கொஞ்சம் குறையும் என்று தொடக்கத்திலேயே வைத்தது. பயம் குறைந்ததோ தெரியாது. மீன்கள் மட்டும் நன்றாகக் கொழுத்தன. அவற்றுக்குத் தீன் வாங்கத்தான் நெல்லியடிச் சந்தைக்குப் பின்புறம் உள்ள அந்த வளர்ப்புப் பிராணிக் கடைக்கு நான் போய்வரத் தொடங்கினேன்.

ஒடுங்கிய கடை. மேலே தகரக் கூரை. ஒரு பக்கச் சுவர் முழுக்கக் கண்ணாடித் தொட்டிகள், மற்றப் பக்கம் கம்பிக் கூடுகள். மேல்தட்டில் லவ்பேர்ட்ஸ், நடுத்தட்டில் புறா, கீழ்த்தட்டில் முயல். கடைக்காரருக்கு முப்பத்தைந்து வயது மதிக்கலாம். குருநகரில் கடற்றொழில் செய்யும் குடும்பத்துப் பிள்ளை. நெல்லியடியில் கல்யாணம் செய்து இங்கேயே தங்கிவிட்டவர். "கடல் நிறைய மீன் கிடக்க, பெட்டிக்குள்ளை வைச்சு வளர்க்கிற ஒரே ஆள் நீதான்" என்று தகப்பன் பகிடி பண்ணுவாராம். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். நல்ல மனிதர். தொட்டிகளில் ஒரு பாசி காண முடியாது. கூடுகளும் அப்படித்தான், அடியிலும் கம்பி வலைதான் அடித்திருந்தார், புழுக்கை எல்லாம் கீழே விழுந்துவிடும், கூட்டிவிட்டால் சரி.

அன்றைக்கு ஒரு தாயும் சின்ன மகளும் எனக்கு முன்னால் நின்றார்கள். கீழ்த்தட்டிலிருந்து ஒரு சத்தம் வந்துகொண்டிருந்தது. டிக், டிக், டிக். ஒரு சாம்பல் நிற முயல் கூட்டின் முன்கம்பியைப் பிடித்துக் கடித்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தது. 

"அம்மா, முயல் எங்களைக் கூப்பிடுது" என்றாள் அந்தச் சிறுமி.

"ஓம் பிள்ளை, ஆர் வந்தாலும் உது அப்பிடித்தான் கூப்பிடும்" என்றார் கடைக்காரர். எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன்.

தீன் பைக்கற்றை எடுக்கக் குனிந்தபோதுதான் அதன் வாயைப் பார்த்தேன். யாரைக் கண்டாலும் முதலில் பல்லைப் பார்ப்பது என் தொழில் தந்த பழக்கம். கல்யாண வீட்டில் மாப்பிள்ளையைக் கண்டாலும் பல்லைத்தான் பார்ப்பேன். அந்த முயலால் வாயை மூட முடியவில்லை. கீழ்ப் பற்கள் இரண்டும் உதட்டைத் தாண்டி மேலெழுந்து மூக்கைத் தொடப் பார்த்தன. மேல்பற்கள் உள்நோக்கிச் சுருண்டிருந்தன. நாடி முழுக்க எச்சில் ஊறி மயிர் ஒட்டிக் கிடந்தது. மனிதன் ஒருவன் இப்படி ஒரு வாயோடு என் கதிரையில் வந்து இருந்திருந்தால், எத்தனை நாளாகச் சாப்பிடவில்லை என்றுதான் முதலில் கேட்டிருப்பேன்.

அதையேதான் கேட்டேன். "தம்பி, உந்தச் சாம்பல் முயல் சாப்பிடுகுதோ?"

"கோவா இலை போட்டால் கிட்டப் போகும் டொக்டர். மணந்து பார்க்கும். பிறகு விட்டிட்டு வந்து கம்பியைக் கடிக்கும். உதுக்குக் கோவா பிடிக்காது போல."

"பிடிக்காமல் இல்லை. கடிக்க ஏலாமல் நிக்குது. பல்லைப் பாருங்கோ."

அவர் முழங்காலிட்டுப் பார்த்தார். "நீளமெண்டு தெரியும் டொக்டர். முந்தியும் வளந்து நிண்டது, நான் குறட்டாலை நறுக்கி விட்டனான். ஒருக்கால் இரத்தமும் வந்தது. திரும்ப வளந்திட்டுது."

குறடு என்றதும் என் தாடையே கூசியது. பல்லைக் குறட்டால் நறுக்கினால் அது குறுக்கே வெட்டுப்படாது, நெடுக வெடிக்கும். வெடிப்பு வேருக்குப் போகும். ஆனால் என்னை அந்த இடத்தில் நிறுத்தி வைத்தது குறடு அல்ல, கடைசியாக அவர் சொன்ன வார்த்தைதான். திரும்ப வளந்திட்டுது.

படிக்கிற காலத்தில் நானும் ஒரு வரி படித்திருக்கிறேன்: முயல் போன்ற சில விலங்குகளின் பற்கள் ஆயுள் முழுவதும் வளர்ந்துகொண்டிருக்கும். பரீட்சைக்குப் படித்து, எழுதி, மறந்த வரி. அதற்குப் பிறகு இருபது வருடத்துக்கு மேலாக என் முன்னால் வாயைத் திறந்தவர்களிடம் நான் சொல்லிவந்ததெல்லாம் ஒன்றுதான்: இது போனால் போனதுதான், கவனமாக வைத்திருங்கோ. பாடசாலைப் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறேன். வெற்றிலை போட்டுப் போட்டுக் கறுத்த வாய்களுக்குச் சொல்லியிருக்கிறேன். மீனெண்ணெய் வாசனையோடு வந்த கடற்றொழிலாளர்களுக்குச் சொல்லியிருக்கிறேன். இப்போது ஒரு கம்பிக் கூட்டுக்குள், குறட்டால் வெட்டியும் திரும்ப முளைத்து வந்த பல் என் கண்ணுக்கு முன்னால் நின்றது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. பரிதாபம் அதற்குப் பிறகுதான் வந்தது. 

"உதை ஒருத்தருக்கும் வித்துப் போடாதேங்கோ" என்று சொல்லிவிட்டு, கடை வாசலில் நின்றே மிருக வைத்தியருக்குத் தொலைபேசி எடுத்தேன். அரச மிருக வைத்தியக் கந்தோரில் வேலை செய்யும் இளம் பெண். ஞானப்பல் ஒன்று சரிந்து முளைத்து என்னிடம் எடுக்க வந்து பழக்கமானவள். 

"வாயைப் படம் எடுத்து அனுப்புங்கோ அக்கா" என்றாள். படத்தைப் பார்த்ததும் அவளே திரும்ப அழைத்தாள். "குறடு கிட்டவும் கொண்டுபோக வேண்டாம் எண்டு சொல்லுங்கோ. உதை அரைச்சுத்தான் எடுக்க வேணும். எங்கடை கந்தோரிலை மாட்டுக்கும் ஆட்டுக்கும் சாமான் இருக்கு. முயல் பல்லுக்கு ஒண்டும் இல்லை. உங்களிட்டை மோட்டர் இருக்குத்தானே?"

"அது மனுசப் பல்லுக்கெல்லோ."

"பல் பல்தானே அக்கா" என்று சிரித்தாள். "நான் பிடிக்கிறன், நீங்கள் அரையுங்கோ. ஞாயிற்றுக்கிழமை வரட்டோ? அதுவரைக்கும் தீனைத் தண்ணியிலை ஊறப்போட்டுக் கூழாக் குடுக்கச் சொல்லுங்கோ."

ஞாயிறு காலை சேர்ச்சில் இருந்தபோது என் மனம் பாட்டிலும் இல்லை, பிரசங்கத்திலும் இல்லை. மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் போய் நிலையத்தைத் திறந்தேன். பல்செட் செய்யும் பின்னறையில் ஒரு சிறிய மோட்டர் இருக்கிறது. செட்டை உரசிச் சரிசெய்வதற்கானது. அதற்குப் புதிய அரைக்கும் ஊசி ஒன்றை மாட்டி, மேசையைத் துடைத்து, பழைய துவாய் இரண்டை எடுத்து வைத்தேன்.

கடைக்காரர் மினுக்கி மடிப்பெடுத்த சேட் போட்டுக்கொண்டு வந்தார். ஆஸ்பத்திரிக்கு உறவினரைக் கூட்டிவந்தவர் போல முகத்தில் ஒரு கவலை. மீனுக்கு ஐஸ் போடும் பாரமில்லாத வெள்ளை றெஜிபோம் பெட்டியில் பக்கமெல்லாம் துளை போட்டு, அதற்குள் முயலை வைத்திருந்தார். முன்னறையைக் கடக்கும்போது என் நோயாளிக் கதிரையைப் பார்த்துவிட்டு, "உதிலையோ இருத்தப் போறியள்?" என்று கேட்டார்.

"இல்லைத் தம்பி. நாளைக்கு அதிலை மனுசர் இருக்க வேணும்."

மிருக வைத்தியர் வந்ததும் முதலில் வாயைப் பார்க்கவில்லை. முயலை மெல்லத் தூக்கி, தன் நெஞ்சோடு அணைத்துப் பின்னங்காலைத் திருப்பிக் காட்டினாள். முயலுக்கு எங்களைப் போல உள்ளங்காலில் தடித்த தோல் இல்லை; அடர்ந்த மயிர்தான் மெத்தை. அந்த மயிர் தேய்ந்து, குதிக்கால் இரண்டிலும் தோல் சிவந்து வெடித்திருந்தது. 

"கூட்டுக்கு அடியிலை கம்பியோ?" என்று கேட்டாள்.

"ஓம். சுத்தமா இருக்கட்டும் எண்டுதான்..." அவர் குனிந்து அந்தக் குதிக்காலை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"மயக்க மருந்து குடுக்கமாட்டன் அக்கா. முயலுக்கு அது ஆபத்து. சுத்திப் பிடிச்சுக் கண்ணை மூடினால் அமைதியாகும்." சொன்னபடியே துவாயால் இறுக்கமாகச் சுற்றினாள். தலை மட்டும் வெளியே. துவாயின் ஓரத்தைக் கண்ணுக்கு மேல் இழுத்துவிட்டாள். என் கையை எடுத்து அதன் நெஞ்சில் வைத்தாள். உள்ளே துடித்தது துடிப்பென்று சொல்ல முடியாது. தையல் மெசின் ஓடுவதுபோல ஓர் அதிர்வு. உடம்பு மட்டும் அசையவே இல்லை. ஒரு சத்தம்கூட வரவில்லை. 

"நோகுது எண்டால் கத்துமோ?" என்று கேட்டேன். என் தொழிலில் அது முக்கியமான கேள்வி. கத்தினால் நிறுத்துவோம்.

"கத்தாது அக்கா. முயல் நோவைக் காட்டாது. நொந்துபோய் நிக்கிறதெண்டு தெரிஞ்சால் நரி அதைத்தானே முதல் பிடிக்கும். அதாலை பேசாமல் இருக்கப் பழகின பிராணி. முயல் கத்தினால், இனி உயிர் இல்லையெண்டு நினைச்சுக் கத்துது எண்டு அர்த்தம். நான் படிச்சு முடிச்சு இவ்வளவு காலத்திலை ஒருக்கால்தான் கேட்டிருக்கிறன். திரும்பக் கேக்க விருப்பமில்லை."

நான் மோட்டரைக் கையில் எடுத்தபடி அப்படியே நின்றேன். ஊசியைக் காட்டுவதற்கு முன்பே கத்தும் ஆட்களோடு வாழ்ந்தவள் நான். அந்தக் கடையின் கீழ்த்தட்டு எனக்கு நினைவில் வந்தது. மேலே லவ்பேர்ட்ஸ் கூச்சல் போடும், புறா குமுறும், நாய்க்குட்டி வந்தால் ஊரைக் கூட்டும். முயல்களை மட்டும் எல்லோரும் என்ன சொல்லுவோம்? பாவம், சத்தமில்லாத பிராணி, ஒரு கரைச்சலும் இல்லை. வெக்கைக்குள்ளும் கம்பிக்கு மேலும் வாயை மூட முடியாமலும் ஒரு கரைச்சலும் தராமல் இருந்திருக்கின்றன. 

"தொடங்குவமோ?" என்றாள் அவள். உதட்டை விரலால் விலக்கிப் பிடித்து, என் பல் கண்ணாடியைக் கேட்டு வாங்கி, மேல்பற்களுக்குப் பின்னால் பிடித்தாள். "உதைப் பாருங்கோ. உங்களுக்குப் பிடிக்கும்."

பார்த்தேன். மேல் முன்பற்கள் இரண்டுக்கும் பின்னால், அவற்றோடு ஒட்டி, அரிசிக் குறுணி அளவில் இன்னும் இரண்டு பற்கள் இருந்தன. பல்லுக்குப் பின்னால் பல். வெளியிலிருந்து யாருக்கும் தெரியாது. கீழ்ப்பல் வந்து தங்கும் இடம் அந்தச் சிறு பற்களின் மேல்தான் என்று அவள் சொன்னாள். முன்பல்லின் முன்பக்கத்தில் மட்டும் மிளிரி என்ற கெட்டியான மேற்படலம் தடித்திருக்கும், பின்பக்கம் மென்மையானது. மெல்லும்போதெல்லாம் பின்பக்கம் முதலில் தேயும், முன்விளிம்பு எப்போதும் உளிபோலக் கூராகவே நிற்கும். சாப்பிடும் சாப்பாடே சாணைக்கல். தேயத் தேய வளரும், வளர வளரத் தேயும். இரண்டும் ஒரே அளவாக நடக்கும்வரை பல்லின் நீளம் மாறாது.

எத்தனை வாய்கள் பார்த்திருக்கிறேன். இப்படியொரு கணக்கை நான் எங்கும் பார்த்ததில்லை. ஒரு கை அளவு உடம்புக்குள், யாரும் பார்க்காத இடத்தில், இவ்வளவு நுட்பம். காலையில் சேர்ச்சில் வராத ஒரு அடக்கம் அந்தப் பின்னறையில், பல் அச்சு எடுக்கும் மாவும் மெழுகும் மணக்கும் மேசையடியில் எனக்கு வந்தது. 

"அக்கா, கை விறைக்குது" என்றாள் மிருக வைத்தியர்.

நாக்குக்கும் உதட்டுக்கும் பாதுகாப்பாக ஒரு மெல்லிய தகட்டை உள்ளே நுழைத்து, மோட்டரைத் தொட்டேன். மிகக் குறைந்த வேகம். தண்ணீர் அடிக்கவில்லை, முயல் மூக்கால் மட்டுமே மூச்சு விடும், ஒரு துளி உள்ளே போனாலும் திணறும் என்று அவள் எச்சரித்திருந்தாள். தொட்டுத் தொட்டு எடுத்தேன். எங்கே நிறுத்த வேண்டும் என்று அவள் நகத்தால் காட்டினாள். அதற்குக் கீழே உயிர் இருக்கிறது. பல் தூள் பறந்தது. அந்த மணம் மனிதப் பல்லின் மணமேதான், ஒரு வித்தியாசமும் இல்லை. முதலில் இடது கீழ்ப்பல்லின் நீண்ட துண்டு விழுந்தது, பிறகு வலது. பழைய குறட்டு வெடிப்பு ஒன்று நீளத்தில் ஓடியிருந்தது. நல்ல காலம், துண்டோடு அதுவும் போய்விட்டது. மேல்பற்களின் சுருளை எடுத்தபோது ஒன்று வாயின் மேலண்ணத்தை அழுத்திக் குழி விழுத்தியிருந்ததைக் கண்டேன். இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் துளைத்திருக்கும்.

துவாயை அவிழ்த்ததும் முயல் மேசையில் அப்படியே குந்தி இருந்தது. பிறகு உதட்டை மூடியது. திறந்தது. மூடியது. தன் வாய் மூடுவதை அதுவே சோதித்துப் பார்ப்பது போல. முன்னங்கால் இரண்டையும் தூக்கி முகத்தைத் துடைத்தது. 

வரும் வழியில் வயல் வரம்பில் பிடுங்கிய அறுகம்புல்லை மிருக வைத்தியர் ஒரு பையில் கொண்டுவந்திருந்தாள். ஒரு பிடியை முன்னால் போட்டாள். முயல் மணந்தது. நாங்கள் மூவரும் குனிந்து பார்த்தோம். ஒரு புல்லின் நுனி உதட்டுக்குள் போனது. சின்னதாய் ஒரு நறுக். பிறகு அந்தப் புல், தையல் மெசின் நூலை இழுப்பது போல நிற்காமல் உள்ளே போய்க்கொண்டே இருந்தது. தாடை மேலும் கீழுமாக அல்ல, பக்கம் பக்கமாக, திருகையைப் போல அரைத்தது. அந்தச் சத்தம் அறை முழுக்கக் கேட்டது. கடைக்காரர் தன்னை அறியாமலே சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார். 

"இதைத்தான் நாள் முழுக்கச் செய்ய வேணும்" என்றாள் மிருக வைத்தியர் அவரிடம். "கோவா ரெண்டு கடியிலை முடிஞ்சிடும். பிறகு பல்லுக்கு வேலை இல்லை. வேலை இல்லாத பல் வளரும், கடிக்க ஒண்டும் இல்லாட்டில் கம்பியைக் கடிக்கும். கம்பியை இழுக்க இழுக்கப் பல் கோணும். உதுதான் நடந்தது."

"அப்ப, உது வாற ஆக்களைக் கூப்பிடேல்லை."

"இல்லை."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "வெயில் மாசத்திலை ஒண்டு மாறி ஒண்டு செத்துப்போகும் டொக்டர். முயலெண்டால் அப்பிடித்தான், ஆயுசு குறைஞ்ச சாமான் எண்டு நினைச்சிருந்தன்" என்றார். 

"ஒழுங்கா வைச்சிருந்தால் எட்டு வரியம், பத்து வரியம் இருக்கும்" என்றாள் அவள்.

"பத்து வரியமோ!" முயலைத் திரும்பிப் பார்த்தார். முதல்தடவை பார்ப்பவர் போலப் பார்த்தார். "என்ரை மகளுக்கு இப்ப அஞ்சு வயசு."

அதற்குப் பிறகு அவர் செய்ததை அவருடைய கெட்டித்தனம் என்றுதான் சொல்லவேண்டும். அந்தச் சாம்பல் முயலை அவர் விற்கவில்லை. கூடுகளின் அடியில் பலகை போட்டு, மேலே வைக்கல் பரப்பினார். முந்திய மாதிரிச் சுத்தமாக வைத்திருப்பது இரட்டிப்பு வேலை என்று முறைப்பட்டார், செய்தார். காலையில் சைக்கிளில் வரும் வழியில் புல் அறுத்துக் கட்டிக்கொண்டு வந்தார். வெயில் ஏறினால் முயல் காதைத் தொட்டுப் பார்க்கச் சொன்னாள் மிருக வைத்தியர். அந்த நீளக் காதுகளால்தான் அது தன் உடம்புச் சூட்டை வெளியே விடுகிறதாம். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் உள்ளே சிவப்பு நரம்புகள் இலை நரம்புபோலப் பரவி ஓடுவது தெரியும். ஒருநாள் நான் போனபோது ஒவ்வொரு கூட்டிலும் ஈரச் சாக்குச் சுற்றிய ஒரு போத்தல் கிடந்தது. உள்ளே தண்ணீர் உறைந்து கட்டியாயிருந்தது. முயல்கள் அதில் சாய்ந்துகொண்டு காதை அதன் மேல் போட்டிருந்தன.

"ஆர் சொல்லித் தந்தது?" என்று கேட்டேன்.

"ஐஸ் எங்கடை வீட்டுத் தொழில் எல்லோ டொக்டர். மீனைப் பழுதாக்காமல் வைச்சிருக்கத் தெரிஞ்சவனுக்கு முயலைக் காப்பாத்தத் தெரியாதோ?"

எல்லாம் இப்படி இலகுவாகப் போகவில்லை. ஒரு பின்னேரம் நான் நிற்கும்போது ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்து, மகளின் பிறந்தநாளுக்கு மிகச் சின்ன முயல்குட்டியாக ஒன்று வேண்டும், உள்ளங்கையில் அடங்கவேண்டும் என்றார். 

"அவ்வளவு சின்னன் இனி எடுக்கிறதில்லை அண்ணை. அது தாய்ப்பால் குடிக்கிற பருவம். கொஞ்சம் பெருத்ததுதான் இருக்கு. அதுவும் ஒண்டைத் தனியக் கொண்டுபோகாதேங்கோ, சோடியாக் கொண்டுபோங்கோ."

"பெருத்த முயலை வைச்சு என்ன செய்யிறது? கறியோ வைக்கிறது?" வந்தவர் சிரித்துவிட்டு வேறு கடைக்குப் போய்விட்டார். கடைக்காரர் என்னைப் பார்த்தார். "வளர்ப்புக்காரர் பால்குடிக் குட்டியளைப் பெட்டியோடை கொண்டந்து இறக்குவினம். சின்னனா இருந்தால்தான் சனம் வாங்கும். முந்தி நானும் வாங்கினனான். இப்ப நான் வேண்டாமெண்டால் அடுத்த கடைக்குக் குடுப்பினம்."

வேறொரு நாள் திருநெல்வேலியில் ஒரு வேலையாகப் போனபோது, பலாலி வீதியில் பஸ்சை விட்டு இறங்கி நடக்கையில் இப்படியொரு கடையைக் கண்டேன். முயல் கூட்டுக்கு மேலேயே நாய்க்குட்டிக் கூடு. நாய்க்குட்டிகள் விளையாட்டாகக் குரைத்தன. கீழே முயல்கள் மூலைக்குள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கல்லாக இருந்தன. படிக்கிற பிள்ளைகள் சிலர் அந்த அசையாத முயல்களைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே போய், இரண்டு கூட்டையும் தள்ளி வைக்கலாமே என்று கதைத்துப் பார்த்தேன். "வாங்கிறதெண்டால் வாங்குங்கோ, இடத்தை மறியாதேங்கோ" என்றார் அங்கே நின்றவர். வெளியே வந்தேன். அந்தக் கூடுகள் இப்போதும் அப்படியேதான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

சாம்பல் முயலை அவர் மாதம் ஒருமுறை ஞாயிறு மத்தியானத்தில் என்னிடம் கொண்டுவந்தார். இரண்டாவது முறை கொஞ்சம்தான் அரைக்க வேண்டியிருந்தது. மூன்றாவது முறை மிருக வைத்தியர் உதட்டை விலக்கினாள், நான் மோட்டரை எடுத்தேன், அவள் கண்ணாடியை என்னிடம் நீட்டினாள். மேல்பல்லுக்குப் பின்னால், அந்தக் குறுணிப் பற்களின்மேல், கீழ்ப்பல் வந்து சரியாகப் பொருந்தி நின்றது. கோணிய பல் நிமிர்ந்துவிட்டது. கோணிய பல்லை நிமிர்த்துவது என் தொழில். வருடக்கணக்கில் கம்பி கட்டி, மாதாமாதம் முறுக்கி, பிள்ளைகளும் அழுது, பெற்றோரும் சலித்து, ஒரு பல்லை ஒரு நெல்மணி தூரம் நகர்த்துகிறேன். இங்கே கம்பி கோணலாக்கியதைப் புல் நேராக்கியிருந்தது. அதை நான் எத்தனையோ பேரிடம் சொல்லிவிட்டேன், கேட்பவர்கள் தலையாட்டுகிறார்கள். அந்தக் கண்ணாடியில் நான் பார்த்ததை அவர்கள் பார்க்கவில்லை.

இனி அரைக்கத் தேவையில்லை என்றானது. கடையில் அதற்கு இப்போது கூடு கிடையாது. மீன்தொட்டிகளுக்குக் கீழே சுவரோரம் ஒரு பக்கத்தைப் பலகையால் மறித்து, வைக்கல் போட்டு விட்டிருந்தார். வருகிற பிள்ளைகள் பலகைக்கு மேலால் எட்டிப் பார்ப்பார்கள். அது வராது. தன் பாட்டில் புல்லை அரைத்துக்கொண்டிருக்கும். 

போன மாதம், ஒரு வேலை நாளில், இரண்டு நோயாளிகளுக்கு இடையில் தொலைபேசி அடித்தது. கடைக்காரர்.

"டொக்டர், செத்துப் போச்சுது போலை கிடக்கு. காலையிலை நல்லா நிண்டது. இப்ப பொத்தெண்டு சரிஞ்சு விழுந்திட்டுது. காலையெல்லாம் நீட்டிப் போட்டுது. தொடப் பயமாக் கிடக்கு."

மிருக வைத்தியரின் தொலைபேசி எடுபடவில்லை. காத்திருந்த நோயாளியிடம் கொஞ்சம் இருக்கச் சொல்லிவிட்டு, கையுறையைக் கழற்றி எறிந்து, சந்தைக்குள்ளால் ஓட்டமும் நடையுமாகப் போனேன். என் வயதுக்கு அது ஓட்டம்தான்.

கடைக்காரர் பலகைக்கு வெளியே முழங்காலில் நின்றார். முயல் வைக்கலில் பக்கவாட்டாகக் கிடந்தது. வயிறு வெளியே தெரிய, பின்னங்கால் இரண்டும் ஒரு பக்கம் நீட்டி, தலை சரிந்து. காதுகள் விரிந்து கிடந்தன. நானும் அப்படித்தான் நினைத்தேன். குனிந்து கையை நீட்டப்போனபோது விலா ஏறி இறங்குவதைக் கண்டேன். மெதுவாக. மிக மெதுவாக. அன்று என் உள்ளங்கைக்குக் கீழே ஓடிய அந்த அதிர்வு எங்கே, இது எங்கே. மூக்கு நுனிகூட ஆடவில்லை. முன்னங்கால் ஒன்று மட்டும் இலேசாகத் துடித்தது, எங்கோ ஓடுவது போல. கண்கள் மூடியிருந்தன.

"தம்பி," என்றேன், குரலைத் தாழ்த்தி, "உது நித்திரை."

"நித்திரையோ?"

"நித்திரை கொள்ளுது. கனவும் காணுது போலை."

அவர் மெல்ல முன்னால் வந்து பார்த்தார். வெகு நேரம் பார்த்தார். "எத்தினை வரியமா முயல் விக்கிறன் டொக்டர். எத்தினை முயல் என்ரை கையாலை போயிருக்கும். ஒருநாளும் ஒண்டும் நித்திரை கொண்டு நான் கண்டதில்லை. எப்ப பார்த்தாலும் கண்ணைத் திறந்துகொண்டுதான் இருக்கும். முயல் நித்திரை கொள்ளாதெண்டே நினைச்சிருந்தன்."

கண்ணை மூடிக்கொண்டு, வயிற்றைக் காட்டிக்கொண்டு, சந்தை இரைச்சலுக்கு நடுவில், தகரக் கூரைக்குக் கீழே, அது அப்படிக் கிடந்தது. நரிக்குப் பயந்து நோவைக்கூட மறைக்கிற பிராணி. நான் மீன்தீன் பெட்டி ஒன்றின்மேல் உட்கார்ந்துவிட்டேன். எழும்ப மனம் வரவில்லை. யாரோ புறா வாங்க வந்து "கடைக்காரர்!" என்று கூப்பிட்டார். இவர் திரும்பி விரலை உதட்டில் வைத்தார். வந்தவர் என்னவோ ஏதோவென்று பயந்து, தானும் எட்டிப் பார்த்து, தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு எங்களோடு நின்றார். 

நான் திரும்பி வந்தபோது காத்திருந்த நோயாளி, ஓய்வுபெற்ற ஒரு ஐயா, மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். 

"ஏதும் அவசரமோ டொக்டர்?" என்று கேட்டார்.

"இல்லை ஐயா. ஒரு முயல் நித்திரை கொண்டுது. பார்த்துக்கொண்டு நிண்டிட்டன்."

அவர் கோபிக்கவில்லை. கதிரையில் ஏறிச் சாய்ந்து, வாயைத் திறக்கப் போனவர், திறக்காமல் கொஞ்சம் யோசித்தார்.

"கண்ணை மூடினதோ?" என்றார்.

"ஓம்," என்றேன். "ரெண்டையும்."